ஹார்லோ கோர்னர்ஸுக்கு ஒரு பூட்டு

1

நவம்பரில் ஒரு நாள் எங்கள் வீட்டில் பெருநாள் போல. நான் கோடைகாலச் சட்டையோடு மொன்றியலில் வந்து இறங்கிய நாள் அது. அன்றைக்கு மனைவி ரஞ்சினி ஆட்டிறைச்சிக் கறி வைப்பாள். குளிரில் என் பல் தந்தியடித்த கதையை நான் தொடங்குவேன். மகள் நிவேதா அதை எனக்கு முன்னால் சொல்லி முடிப்பாள். கால் நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ச்சி நிரலில் மாற்றமில்லை. இந்த வருடம் மட்டும் நிவேதாவால் வீட்டுக்கு வர முடியவில்லை. கைப்பேசியில் முகம் காட்டினாள்.

"பொன் ஃபெத், அப்பா," என்றாள். இங்கே பிறந்தநாளுக்குச் சொல்லும் பிரெஞ்சு வாழ்த்து அது. நான் இந்த நாட்டில் பிறந்த நாள் என்பது அவள் கணக்கு. மீசையோடு பிறந்தவன் என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன்.

கதையில் நான் பல்லுக்கு வந்த இடத்தில், அவளுக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. நெஞ்சுவரை தாடி, செம்மஞ்சள் தொப்பி, செம்மஞ்சள் மேலங்கி. ஒரு மனிதன் தட்டாமல், கூப்பிடாமல், சொந்த வீடு மாதிரி உள்ளே வந்தான். அலுமாரியைத் திறந்து இரண்டு போத்தல்களை எடுத்தான். என்னை, அதாவது கைப்பேசியில் இருந்த என் முகத்தை, பார்த்து ஒருமுறை தலையாட்டினான். போய்விட்டான். நிவேதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆரடி அது?"

"எது?"

"உனக்குப் பின்னால ஒரு காட்டான் வந்திட்டுப் போறான்."

"ஓ, அது வெய்ன். மருந்து எடுக்க வந்தவர்."

"கதவைத் தட்டாம எப்பிடி வாறான்?"

"கதவு திறந்துதானே இருக்கு."

"ஏன் திறந்திருக்கு?"

"பூட்டு இல்லையே, அப்பா."

எனக்கு அதற்குமேல் பல் கதை ஓடவில்லை. நானும் ரஞ்சினியும் மொன்றியலில் வில்லரே பகுதியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் கதவில் வீட்டுக்காரர் போட்ட பூட்டு ஒன்று, அதை நம்பாமல் நான் போட்ட பூட்டு ஒன்று, என்னை நம்பாமல் ரஞ்சினி போட்ட சங்கிலி ஒன்று. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை இது.

கைப்பேசியை வைப்பதற்கு முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். "இந்த வீட்டை விக்கப் போறாங்களாம். நான் வாங்கலாமெண்டு நினைக்கிறன். நீங்க ரெண்டு பேரும் என்ன சொல்றீங்க?"

ரஞ்சினி கறிச் சட்டியில் அகப்பையை அப்படியே விட்டாள். வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வரும். வீடு வாங்கிய பிள்ளை வராது. இது எங்களுக்குத் தெரியும். நாங்களே அப்படி வராமல் போனவர்கள்தான்.

2

நிவேதா டொக்டர். ரஞ்சினி கோயிலில் சொல்வதும் அவ்வளவுதான்: "மகள் அமெரிக்காவில டொக்டர்." அதற்கு மேல் அவள் சொல்வதில்லை. ஒருமுறை ஓர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, மகள் வரேக்க எனக்கு இந்த முழங்காலை ஒருக்காக் காட்டலாமோ?" என்று கேட்டார். "நாலு கால் இருந்தாக் காட்டலாம், அம்மா," என்றேன். ரஞ்சினி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

ஆம், மாட்டு டொக்டர். கியூபெக்கில் பிரெஞ்சில்தான் படித்தாள். சோதனைக் காலத்தில் வீட்டுக்கு வந்தால் பாடத்தைச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஒரு மாடு வேண்டும். மட்டக்களப்பிலிருந்து வந்த எனக்கு மாட்டோடு இருந்த உறவு தயிர்ச் சட்டியோடு முடிந்தது. என்றாலும் வீட்டில் அந்த உடம்புக்குக் கிட்ட வரக்கூடியவன் நான் ஒருவன்தான். விறாந்தைக் கம்பளத்தில் என்னைப் படுக்க வைப்பாள். கன்று போட்ட மாடு, இரத்தத்தில் கல்சியம் இறங்கி எழும்ப முடியாமல் விழுந்து கிடக்கும் வேஷம் எனக்கு நன்றாக வரும். "கழுத்தை மடக்கி முகத்தை விலாவில வையுங்க, அப்பா. இன்னும். ஆ, இப்ப சரி," என்று சொல்லி என் காதைப் பிடித்துப் பார்ப்பாள். "காது குளிர்ந்திருக்கு. உடனே கல்சியம் ஏத்தாட்டிச் செத்துப் போவீங்க." ரஞ்சினி குசினியிலிருந்து, "ஏத்த முதல் குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொல்லு," என்பாள்.

அந்தச் சோதனையில் அவள் நல்ல புள்ளி எடுத்தாள். பாதிப் புள்ளி எனக்குரியது.

படித்து முடித்ததும் எல்லைக்கு அந்தப் பக்கம், நியூயோர்க் மாநிலத்தின் வடக்கு மூலையில் வேலை கிடைத்தது. நியூயோர்க் என்றதும் நீங்கள் உயர்ந்த கட்டடங்களை நினைத்தால், நானும் அப்படித்தான் நினைத்து ஏமாந்தேன். அவள் இருக்கும் இடத்தின் பெயர் ஹார்லோ கோர்னர்ஸ். உயரமான கட்டடம் சோளம் கொட்டும் குதிர்.

"சட்டப்படி அது ஊர் இல்ல, அப்பா," என்று அவளே ஒருநாள் விளங்கப்படுத்தினாள். "பேர் மட்டும்தான். மேயர் இல்ல, சபை இல்ல. எங்க முடியுதெண்டு ஒருத்தருக்கும் தெரியா."

"அப்ப பொலிஸ்?"

"கூப்பிட்டா வருவாங்க. தூரத்தில இருந்து."

நீங்களே யோசித்துப் பாருங்கள். பிரதேச சபை இல்லை, கிராம சேவகர் இல்லை. இந்த ஆள் இந்த ஊர்தான் என்று கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை. உலகம் ஒத்துக்கொள்ளாத ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி, அதற்காக அடிபட்டு ஓடிவந்தவர்கள் நாங்கள். என் பிள்ளை தேடிப்போய் இன்னொரு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வீடு வாங்கப் போகிறாள்.

நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். என்னோடு யாழ்ப்பாணத்துக் குகனும் வேலை. கரட்டை அடுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"பூட்டும் இல்லை, பொலிஸும் இல்லையோ, அண்ணை?"

"இல்லையாம்."

"சனம் எப்பிடி?"

"நல்ல சனமாம்."

குகன் ஒரு கரட்டைக் கையில் வைத்தபடி நின்றான். "அதுதான் பயமாக் கிடக்கு. இப்பிடியான இடத்திலை ஆக்கள் நல்லாச் சிரிப்பினம் அண்ணை. பேந்துதான் தெரியும்."

"பிறகு என்ன தெரியும்?"

"அது பேந்துதான் தெரியும்."

அன்று வேலை முடிந்து நேரே பூட்டுக் கடைக்குப் போனேன். உள்ளேயும் வெளியேயும் திறப்புப் போட்டுத் திறக்கிற, சிறுவிரல் தடிப்பில் இரும்பு நாக்கு உள்ள பூட்டு. கடைக்காரன், "வங்கிக்கோ?" என்று கேட்டான். "மகளுக்கு," என்றேன்.

புறப்படும்போது ரஞ்சினி சாப்பாட்டுப் பெட்டியைத் தந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பூட்டை என்னவாவது செய்ங்க. புள்ளையக் கதைச்சுக் கூட்டிக்கொண்டு வாங்க."

3

எல்லைக் கூண்டில் இருந்த இளைஞன் என் கடவுச்சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எங்கே போகிறீர்கள்?"

"ஹார்லோ கோர்னர்ஸ்."

"அங்கே என்ன இருக்கிறது?"

அதைத்தான் நானும் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "மகள். தனியாக இருக்கிறாள்," என்றேன்.

"பின்பெட்டியில் என்ன?"

"துளைபோடுகிற மெஷின் ஒன்று. ஒரு சுத்தியல். ஒரு பூட்டு. இடியப்பம்."

சொல்லி முடித்தபின்தான் அது என் காதுக்கே எப்படிக் கேட்டது என்று விளங்கியது. தனியாக இருக்கும் ஒரு பெண்ணைத் தேடி ஒரு மத்திய வயதுக்காரன் துளைபோடும் மெஷினோடும் பூட்டோடும் போகிறான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தான். இடியப்பத்தை மட்டும் இரண்டு தரம் பார்த்தான். விட்டுவிட்டான். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அங்கிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். வழியில் ஒரு பச்சைப் பலகை: ஹார்லோ கோர்னர்ஸ். பிறகு நாற்சந்தி, ஒரு தேவாலயம், தீயணைப்பு வண்டி நிற்கும் ஒரு தகரக் கொட்டில், தபாலும் பெற்றோலும் முட்டையும் விற்கும் ஒரு கடை, இடைவெளி விட்டு விட்டுச் சில வீடுகள். அவ்வளவுதான். முன்கண்ணாடியில் இன்னொரு பச்சைப் பலகையின் வெறும் முதுகு தெரிந்தபோது, ஊர் பின்கண்ணாடியில் முடிந்திருந்தது. திருப்பிக்கொண்டு வந்தேன்.

எதிரே வந்த ஒவ்வொரு வாகனத்திலும் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார். முதலாமவர் தூக்கியபோது என் டயரில் காற்றில்லையோ என்று இறங்கிப் பார்த்தேன். வீதியோரம் நின்றவர்கள் வேறு வேலை பார்த்தார்கள். தலையாட்டினார்கள். சிரிக்கவில்லை, பேசவில்லை, என்னைப் பார்த்து ஒரு தரம், மெதுவாக, தலையாட்டினார்கள்.

ஊரில் இருக்கும் உங்களில் என் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிவளைப்பில் இராணுவத்தார் எங்களை வரிசையாக நடக்க விடுவார்கள். ஜீப்பில் சாக்கால் முகம் மூடிய ஓர் ஆள் இருப்பான். அவன் தலையாட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் நடந்தவன் மோகன், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவனுக்கு அந்தத் தலை ஆடியது. எனக்கு ஆடவில்லை. இவ்வளவு காலம் போயும், அறியாத முகம் ஒன்று என்னைப் பார்த்துத் தலையாட்டினால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது.

ஹார்லோ கோர்னர்ஸில் அன்று ஆண், பெண், கிழம், குஞ்சு எல்லாம் எனக்குத் தலையாட்டின.

கடையில் பால் வாங்கப் போனேன். காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்ற அகன்ற தோள் உள்ள பெண், பெயர் டோனா என்று சட்டையில் குத்தியிருந்தது, பாலை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கட தமிழில் எழுதுகிறேன், கோபித்தால் கோபிக்கட்டும்.

"நீங்க டொக்கின்ட அப்பாதானே? வெள்ளைக் கார். சீனி வருத்தம், பிரஷரும் இருக்கு. மூன்று நாள் நிப்பீங்க."

டொக் என்பது டொக்டரைச் சுருக்கி என் மகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். அதை விடுங்கள். என் சீனி விஷயம் மொன்றியலில் கூட ரஞ்சினிக்கும் குகனுக்கும்தான் தெரியும். பாலை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாக நடந்து வெளியே வந்தேன்.

4

நிவேதா என்னைக் கட்டிப்பிடித்தாள். சாணி மணந்தாள். இடியப்பத்தை நின்றபடியே தின்றாள். வீட்டைச் சுற்றிக் காட்டும்போது அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதையும் நான் சந்தேகத்தோடுதான் குறித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் என்ர சீனியை ஏன் சொன்னனீ?"

"டோனாதான் இங்க அம்புலன்ஸ் தொண்டர், அப்பா. உங்களுக்கு ஒண்டு நடந்தா அவதான் முதல் வருவா."

"எனக்கு என்ன நடக்கப்போகுது?"

"ஒண்டும் நடக்காது. நீங்க ரிலாக்ஸ்."

அவள் தொலைபேசி அடித்தது. பள்ளத்துப் பக்கம் ஒரு பண்ணையில் மாட்டின் வயிற்றுக்குள் கன்று குறுக்கே கிடக்கிறதாம். "அங்க சிக்னல் இல்ல. பொழுதுபட முதல் வந்திருவன். ஒண்டும் செய்யாம இரிங்க," என்று சொல்லிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

ஒண்டும் செய்யாமல் இருக்கச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான். காரிலிருந்து மெஷினை எடுத்தேன்.

அந்த வீட்டில் புழங்கும் கதவு ஒன்றுதான், குசினிக்குப் பக்கத்து நடைக்கதவு. முன்கதவை யாரும் திறப்பதில்லை. அதை மறித்துக்கொண்டு புத்தக அலுமாரி. நடைக்கதவின் உட்பக்கம்தான் சப்பாத்துகளும், அந்த மருந்து அலுமாரியும். கதவில் துளை அருமையாக விழுந்தது. நிலையில் போட்ட துளை கொஞ்சம் மேலே போய்விட்டது. பூட்டின் நாக்கு உள்ளே போகமாட்டேன் என்றது. தோளால் கதவை முட்டிக்கொண்டு, திறப்பை இரண்டு கையாலும் முறுக்கினேன். கிர்ர்ரிக் என்று போய் விழுந்தது. நிம்மதியாகத் தேநீர் வைத்தேன். ஹார்லோ கோர்னர்ஸின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது.

அப்போதுதான் துவக்குச் சத்தம் கேட்டது.

மான் வேட்டைக் காலம் என்று நிவேதா சொன்னவள்தான். செம்மஞ்சள் மேலங்கியும் அதற்காகத்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வெடி கேட்டதும் தெரிந்ததெல்லாம் யன்னலால் ஓடிவிட்டது. உடம்பு மட்டும் குசினித் தரையில் குப்புறக் கிடந்தது. ஐம்பது வயது தாண்டியும் நான் இவ்வளவு வேகமாகப் படுப்பேன் என்று எனக்கே தெரியாது. தேநீர்க் கோப்பை சிந்தவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

வெளியே ஒரு பிக்கப் வந்து நின்றது. கனத்த சப்பாத்து. யாரோ கதவின் பிடியைத் திருகினார்கள். திறக்கவில்லை. இன்னொருமுறை, பலமாக. பிறகு ஒரு மௌனம். திறக்காத கதவை வாழ்க்கையில் முதல்முறை சந்தித்த ஒருவனின் மௌனம். பிறகு தட்டினான்.

யன்னல் விளிம்பால் ஒரு கண்ணை மட்டும் உயர்த்தினேன். தாடி. செம்மஞ்சள். தோளில் துவக்கு. கைப்பேசியில் எனக்குத் தலையாட்டிய அதே வெய்ன்.

அந்த நேரத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழும் வரவில்லை. சந்தையில் மாலையில் கடை பூட்டும்போது நான் கத்தும் பிரெஞ்சுதான் வந்தது. "நூ சோம் ஃபெர்மே," என்று தரையிலிருந்து கத்தினேன். "ருவெனே தெமான்." அதாவது, கடை பூட்டியாச்சு, நாளைக்கு வாங்க.

அவன் போய்விட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் ஊரோடு திரும்பி வந்தான்.

வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்தில் ஏறின. ஒன்றில் ஒரு விளக்கு சுழன்றது. கடைக்காரி டோனா பெரிய பையோடு இறங்கினாள். நாலைந்து பேர் வீட்டைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. என் மனதில் குகன் கரட்டோடு நின்று, "பேந்துதான் தெரியும்" என்றான்.

"ஐயா," என்று டோனா கதவு வழியாகக் கூப்பிட்டாள். "நெஞ்சு நோகுதா? கதைக்க ஏலாட்டி ரெண்டு தரம் தட்டுங்க."

என் நெஞ்சு அடித்தது கதவுக்கு வெளியே அவளுக்கே கேட்டிருக்கும். நான் தட்டவில்லை. தட்டுவது யார், தட்டப்படுவது யார் என்ற குழப்பத்தில் இருந்தேன்.

அப்போது வெய்ன் யன்னலுக்கு நேரே வந்தான். என் கண்ணைப் பிடித்துவிட்டான். துவக்கைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தான். அலுமாரி இருந்த பக்கத்தைக் காட்டினான். கையால் போத்தல் அளவு காட்டினான். நான் அசையவில்லை. அவன் பெருமூச்சு விட்டான். பிறகு, அறுபது வயது தாண்டிய அந்த ஆள், பனி கொட்டிய முற்றத்தில் முழங்காலை மடித்துப் படுத்தான். கழுத்தை வளைத்தான். முகத்தைக் கொண்டுபோய் விலாவில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான்.

எனக்கு அந்த வேஷத்தைத் தெரியும். அது என்னுடைய வேஷம். விறாந்தைக் கம்பளத்தில் எத்தனையோ தரம் நான் கிடந்த கிடை.

பாய்ந்து எழும்பித் திறப்பைப் போட்டு முறுக்கினேன். வங்கிக்கான பூட்டு, நாக்கு அசையவில்லை. இன்னும் முறுக்கினேன். திறப்புப் பாதியில் முறிந்து என் கையோடு வந்தது.

5

போத்தல்களையும் குழாயையும் குசினி யன்னலால் கொடுத்தேன். அதற்குப் பிறகு டோனா என்னையும் எடுத்தாள். எடுத்தாள் என்றால் உண்மையாகவே எடுத்தாள். அக்குளில் கை கொடுத்து, சாக்கை இறக்குவது மாதிரி. மேலங்கி இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. அமெரிக்க மண்ணில் என் முதலாவது பகிரங்கத் தோற்றம்.

"ஆள் நல்லா இருக்கார்," என்று அவள் கூட்டத்துக்கு அறிவித்தாள். கடப்பாரைக்காரருக்கு முகம் வாடியது.

வெய்ன் தன் பிக்கப்பின் கதவைத் திறந்து, "ஏறுங்க, போத்தல் பிடிக்க ஓர் ஆள் வேணும்," என்றான். போகும் வழியில், நான் பிரெஞ்சில் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னான். கிளினிக் தூரம், மாடு விழுந்தால் அவ்வளவு நேரம் தாங்காது. அதனால்தான் டொக் தன் வீட்டில் கல்சியம் வைத்திருக்கிறாள். யாருக்குத் தேவையோ அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு, பிறகு அவளைக் காணும்போது சொல்வார்கள். அவன் மான் பார்க்கக் காட்டுக்குள் போயிருந்தானாம். திரும்பி வரும்போது மாடு விழுந்து கிடந்ததாம். பூட்டைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொட்டிலில் அவனிடம் இருந்ததே ஒரு கை எண்ணிக்கை மாடுகள்தான். வெள்ளையும் கறுப்புமாகப் பெரிய மாடு ஒன்று வைக்கோலில் கிடந்தது. கழுத்து வளைந்து, முகம் விலாவில். நான் போய் முதலில் காதைப் பிடித்தேன். ஐஸ். வெய்ன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கழுத்து நரம்பில் ஊசி ஏறியது. போத்தலைத் தலைகீழாக என் கையில் தந்தான். "உயர்த்தினா வேகமாப் போகும், இதயம் நிண்டிடும். பதிச்சா மெதுவாப் போகும், நேரம் காணாது. நான் சொல்ற உயரத்தில பிடியுங்க."

இரண்டு இதயங்கள் என் ஒரு கையில் இருந்தன. அதில் என்னுடையதுதான் கெட்ட நிலையில் இருந்தது. போத்தலுக்குள் குமிழி ஒவ்வொன்றாக ஏறியது. "பதிக்க," என்பான். பதிப்பேன். "கொஞ்சம் மேல." உயர்த்துவேன். மற்றக் கையால் அந்தக் காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது போத்தல் பாதி இறங்கும்போது மாடு நடுங்கத் தொடங்கியது. பிறகு, கலியாண வீட்டில் மூன்றாம் பந்தியில் இருந்து எழும்பிய மாமா மாதிரி, நீளமாக ஓர் ஏவறை விட்டது. காதுக்குள் மெல்லச் சூடு வந்தது.

நிவேதா ஓடி வந்தபோது மாடு நின்றுகொண்டிருந்தது. டோனா எல்லாம் சொல்லிவிட்டாள் போல. மகள் முதலில் மாட்டின் இதயத்தைக் கேட்டாள், பிறகு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். இரண்டும் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொண்டுதான் கோபப்பட்டாள்.

தன் காரில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். முற்றத்தில் கார் நின்றதும் பிரெஞ்சில் ஏதோ தொடங்கினாள். நிறுத்தி, எனக்காகத் தமிழுக்கு வந்தாள்.

"அந்த மாடு செத்திருந்தாலும் இங்க ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல மாட்டாங்க, அப்பா. அதுதான் பிரச்சினை. ஒண்டும் சொல்ல மாட்டாங்க. கதவைத் தட்டத் தொடங்குவாங்க. அவ்வளவுதான்."

"தட்டினா மரியாதை தானே, மகள்?"

"நான் இங்க வந்து ஒரு வருசம் எல்லாரும் தட்டினவங்க. ஒருநாள் வெய்ன் தட்டாம வந்தார். அண்டைக்குத்தான் நான் உங்களுக்கு எடுத்து இந்த இடம் பிடிச்சிருக்கெண்டு சொன்னன். ஞாபகமிருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஏன் திடீரென்று பிடித்தது என்று அன்றைக்கு ரஞ்சினியும் நானும் சந்தேகப்பட்டது வரை ஞாபகம் இருந்தது.

அன்று பொழுதுபடக் கதவை அறுத்துத்தான் பூட்டைக் கழற்றினோம். கதவில் எலுமிச்சங்காய் அளவில் ஓட்டை. அதற்குள் நிவேதா தன் சொக்ஸ் ஒன்றை அடைத்தாள்.

அடுத்த நாள் காலை நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிக்கப் வந்தது. கனத்த சப்பாத்து வாசல்வரை வந்து நின்றது. பிறகு கேட்டது.

டொக், டொக், டொக்.

வெய்ன் தட்டினான்.

நிவேதா கோப்பையை வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் விளையாடக் கூப்பிடாத நாட்களில் வீட்டுக்கு வந்து இருப்பாளே, அதே முகம்.

அவள் எழும்ப முதல் நான் கையைக் காட்டி இருத்தினேன். கதிரையை விட்டு அசையாமல், சந்தையில் கடை திறக்கும் காலைக் குரலில், முழுப் பலத்தோடு கத்தினேன். "நூ சோம் உவேர்." கடை திறந்தாச்சு.

 பிறகு ஓட்டையிலிருந்த சொக்ஸ் மெதுவாக உள்ளே விழுந்தது. அந்த இடத்தில் ஒரு நீலக் கண் தெரிந்தது.

"டொக்," என்றது கண், "உன்ட அப்பா இன்னும் இருக்கிறாரா? உள்ள வரலாமா, இல்ல நாளைக்கு வரட்டா?"

நிவேதா சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கால் வந்தது. கதவு திறந்தது. வெய்ன் ஓட்டைக்கு அளவாக ஒரு மரக்கட்டையைச் சீவிக்கொண்டு வந்திருந்தான். அடித்து இறுக்கிவிட்டு, என் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்த வெறுங்கோப்பையைத் தானே எடுத்துத் தேநீர் ஊற்றிக்கொண்டான். என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

என் முதுகு நிமிர்ந்தது. அது இனி மாறாது. என்றாலும் நானும் ஆட்டினேன்.

அவன் போனபிறகு நிவேதா கேட்டாள். "அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"நீ வீட்டை வாங்கு, புள்ள. அம்மாவை நான் பார்க்கிறன்."

6

அம்மாவைப் பார்ப்பது லேசான காரியமில்லை. ரஞ்சினி கதவைத் திறந்து முதலில் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை.

"புள்ள?"

"வரல்ல."

"பூட்டு?"

பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாதித் திறப்பு இன்னும் அதற்குள் இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மாடு, யன்னல், செருப்பு எல்லாம். டோனா என்னை எடுத்த இடத்தில் அவள் சிரித்தாள். மாடு எழும்பிய இடத்தில் பூட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். "வாங்கச் சொல்லிட்டு வந்தீங்களாக்கும்," என்றாள். பிறகு குசினிக்குள் போய், மகளுக்கு எடுத்து, அந்த வீட்டில் கறிவேப்பிலைச் செடி வைக்க வெயில் விழும் யன்னல் எது என்று கேட்கத் தொடங்கினாள்.

நான் விறாந்தையில் தனியே இருந்தேன். கதவைப் பார்த்தேன். என்ன நினைத்தேனோ தெரியாது. எழும்பிப் போய் என் பூட்டைத் திறந்தேன், வீட்டுக்காரர் பூட்டைத் திறந்தேன், சங்கிலியைக் கழற்றினேன். கதவைக் கொஞ்சம் நீக்கிவிட்டு வந்து அதற்கு நேரே கதிரையைப் போட்டு இருந்தேன்.

படிக்கட்டில் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எதிர்வீட்டு மனுசி வந்தாள். எங்கள் கதவு நீங்கி இருப்பதைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டாள். கீழ்வீட்டுக்காரர் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். நான் உள்ளேயிருந்து எல்லாருக்கும் தலையாட்டினேன்.

"இஞ்சருங்க, கதவு திறந்து கிடக்கு," என்று ரஞ்சினி குசினியிலிருந்து சொன்னாள்.

"ஓம், தெரியும்."

"ஆரும் வந்திருவாங்க."

கறி கொதித்து இறக்கும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.